என் பக்கத்து பிரேக்

தம்பி,

இதை நேரில் சொல்ல மூன்று நாளாகப் பார்த்தேன். முடியவில்லை. நீ எதிரில் வந்து உட்கார்ந்தால் என் வாய் தானாகவே பாடம் நடத்த ஆரம்பித்துவிடுகிறது. ‘கிளச்ச மெதுவா விடு, கண்ணாடியப் பாரு, எதிர்ல வர்றவன நம்பாத’ என்று பதினெட்டு வருடமாக இடது பக்க இருக்கையில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லியே பழகிய வாய், வேறு எதையும் நேராகச் சொல்லத் தெரியாமல் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். விசா வந்துவிட்டது. உன் பெட்டி பாதி நிரம்பிவிட்டது. இன்னும் பத்து நாளில் உன் மனைவி இருக்கும் ஊருக்குப் போகப்போகிறாய். பிரெஞ்சு குடியுரிமை உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு போகிற பையனுக்குப் புதுச்சேரியில் எல்லோரும் ஒரே புத்திமதிதான் சொல்வார்கள்: பாஷையைக் கற்றுக்கொள், குளிருக்கு உள்சட்டை வாங்கிக்கொள். அதையெல்லாம் உன் சித்தப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார். நான் சொல்ல வந்தது வேறு.

திங்கட்கிழமை காலையில் நீ உன் மனைவியோடு ஃபோனில் பேசியது என் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை, கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உனக்காக அங்கே ஒரு கிடங்கில் வேலை பேசி வைத்திருக்கிறாள், அந்த இடத்துக்கு பஸ் கிடையாது, கார் ஓட்டத் தெரிந்தால்தான் போக முடியும் என்று போன வாரமே நீ எங்களிடம் சொல்லியிருந்தாய். அன்றைக்கு அவளிடம், ‘வேற எதனா பாரு. எனக்கு ஓட்ட வராது’ என்றாய். அவள் ஏதோ கேட்டிருக்க வேண்டும். நீ சிரித்துக்கொண்டே, ‘டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கறவங்க பையன்தான், என்னா பண்றது? நான் ஓட்டி ஒரு ஆளு காலயே ஒடச்சிருக்கேன். எனக்கு அது வேணாம்’ என்றாய். கையில் இருந்த உன் சட்டையை நான் மூன்றாவது முறையாக மடித்துக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியம் பொய், தம்பி. உனக்கு அது பொய் என்று தெரியாது. அந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

ஆரம்பத்திலிருந்து வருகிறேன். நீ லாஸ்பேட்டையில் கல்லூரி முதல் வருடம் சேர்ந்த கோடையில் சித்தப்பா பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்து ஓய்வூதியக்காரர் இல்லையா, வக்கான்ஸ் வக்கான்ஸ் என்று இரண்டு மாதம் இங்கே வந்து உட்கார்ந்து நமக்குப் பேச்சுக் கொடுப்பார். அந்த முறை உனக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். அதில் ஒரு ஸ்டீரிங். அவர் அதை ‘வொலான்’ என்றார். கம்ப்யூட்டரில் பந்தயம் ஓட்டுவதற்கு. கூடவே இரண்டு பெடல், ஒரு சி.டி. நான் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, ‘கிளச் எங்க?’ என்பது. சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. கிளச் இல்லாமல் வண்டி பழகுகிறவன் எங்கே போய் முட்டுவான் என்று எனக்குத் தெரியும்.

நீ அதைக் கூடத்து மேசையில் திருகி மாட்டினாய். மொசைக் தரையில் பெடல் வழுக்கிக்கொண்டு ஓடியதால், காலி கேஸ் சிலிண்டரை உருட்டிவந்து பின்னால் முட்டுக் கொடுத்தாய். மற்ற பையன்கள் பந்தயம் ஓட்டி முதலாவது வர ஆசைப்படுவார்கள். உனக்கு அது வேண்டாம். ஒரே ஒரு மலைப் பாதை, ஒரே ஒரு வளைவு, அதில் வண்டியைப் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போக வேண்டும். டிரிஃப்ட் என்றாய். நான் பின்னால் நின்று பார்த்தேன். வளைவு இடது பக்கம் போகிறது. வண்டியின் பின்பக்கம் வலது பக்கம் வீசிக்கொண்டு போகிறது. நீயோ ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டாய்! அது தானாக வலது பக்கம் சுழன்றது, நீ எங்கேயோ ஓரிடத்தில் அதைப் பிடித்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘டேய், கைய எடுக்காதடா! பத்து மணிக்கும் ரெண்டு மணிக்கும் முள்ளு இருக்கற மாதிரி பிடிக்கணும்னு எத்தினி வாட்டி சொல்றது?’ என்று கத்தினேன். நீ திரும்பாமலே, ‘பிடிச்சா சுத்திடும்மா. விட்டாத்தான் அதுவே எடம் கண்டுபிடிக்கும். அப்புறம் பிடிக்கணும்’ என்றாய். பதினெட்டு வயதுப் பையன் ஓட்டுநர் பயிற்சி ஆசிரியைக்குப் பாடம் நடத்துகிறான் என்று உன் அப்பாவிடம் போய்ப் புகார் செய்தேன். அவர் ஆபீஸ் மேசையில் லைசென்ஸ் ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தார். சர்க்கரையால் கண் மங்கி, வண்டியை என்னிடம் விட்டுவிட்டு மேசைக்குப் போனவர். ‘பொம்ம வண்டிதானே, விடு’ என்றார். அதோடு முடிந்தது.

அந்த ஐப்பசியில் உனக்கு எல்.எல்.ஆர். எடுத்து நானே பழக்க ஆரம்பித்தேன். நீ நன்றாக ஓட்டினாய். இதை அப்போது உன்னிடம் சொல்லவில்லை. நல்லா ஓட்டுறே என்று சொன்னால் மாணவன் கெட்டுப்போவான் என்பது என் கொள்கை. அதில் எத்தனை பேர் என்னால் கெட்டார்களோ தெரியாது. பயிற்சி வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு என்பது உனக்குத் தெரியும். நான் அதை மிதித்தால் ஒரு கம்பி வழியாக ஓட்டுகிறவர் பக்கத்து பிரேக்கும் சேர்ந்து இறங்கும். மாணவன் தவறு செய்த பிறகு மிதிப்பவர் சுமாரான ஆசிரியர், செய்யப்போகிறான் என்று தெரிந்ததும் மிதிப்பவர்தான் நல்ல ஆசிரியர் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. மற்றவர்களிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

ஏழாவது நாள். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. விமான நிலையத்துக்குப் பின்னால் சரிந்து இறங்கும் சாலை, இடது பக்க வளைவு. எதிரே சைக்கிளில் ஒருவர் தலையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு மேடேறி வந்தார். பின் டயர்கள் தேய்ந்திருந்தன. மாற்ற வேண்டும் என்று நான் இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டவை. அதையும் என் கணக்கிலேயே வைத்துக்கொள். வளைவில் வண்டியின் வால் வலது பக்கம் வழுக்கியது. நீ உடனே ஸ்டீரிங்கை வலது பக்கம் திருப்பினாய். சைக்கிள்காரர் வந்துகொண்டிருந்த பக்கம். எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. இவன் ஆள் மேல் திருப்புகிறான். கையையும் கொஞ்சம் தளர்த்திவிட்டாய், அந்தப் பொம்மையில் செய்கிற மாதிரியே. நான் என் பக்கத்து பிரேக்கை முழுசாக, அடிவரை மிதித்தேன்.

நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டால் ஸ்டீரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். வண்டி வளைவை விட்டுவிட்டு நேராகப் போனது. சைக்கிளின் பின் சக்கரத்தில் இடித்தது. அவர் ஓரத்துக் கால்வாயில் விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. அவர் ஒரு கட்டட மேஸ்திரி. சாரத்தில் ஏறி நின்று வேலை செய்கிற மனிதர். அந்தச் சத்தம் எல்லாம் அடங்கிய பிறகு, ஆள் கூடுவதற்கு முன், நீ என்னிடம், ‘அம்மா, நான் பிரேக் அடிக்கலையே’ என்றாய். அந்த நேரத்தில் ஆமாண்டா, நான்தான் அடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தை. நான், ‘அடிச்ச. பயத்துல கால் தானா போவும். உனக்கே தெரியாது’ என்றேன். நீ குனிந்து உன் வலது காலைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. நான் ஆசிரியை, நீ மாணவன். நான் சொன்னதை நீ நம்பிவிட்டாய்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பாய். சொல்கிறேன். பழகுகிறவன் தவறு செய்தால் அது விபத்து. பழக்குகிறவள் தவறு செய்தால் அதன் பிறகு லாஸ்பேட்டையில் எவன் தன் பெண்ணை என் வண்டியில் ஏற்றுவான்? அந்தப் பள்ளி போனால் நம் வீட்டில் உலை கொதிக்காது என்று அந்த ஒரு நொடியிலேயே கணக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் அதுகூட முழு உண்மை இல்லை. முழு உண்மை, நான் தவறாக மிதித்திருப்பேன் என்பதே எனக்குத் தோன்றவில்லை. பதினைந்து பேருக்கு நடுவில் போலீஸ்காரரிடம், ‘பையன் பயந்து பிரேக் அடிச்சிட்டான் சார்’ என்று சொன்னபோது பாதி நம்பித்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா, ‘கேம் ஆடற பசங்கள வண்டில ஏத்தினா இப்பிடித்தான் ஆவும்’ என்றார். நான் ஆமாம் என்றேன். நீ அப்போதே எழுந்துபோய் அந்த ஸ்டீரிங்கைக் கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி, பெட்டியில் போட்டு லாஃப்டில் ஏற்றினாய். பெட்டிக்கு மேலே அந்த எல்.எல்.ஆரையும் வைத்தாய்.

பதினாறு நாள் நீ பஸ் ஏறி பெரியாஸ்பத்திரிக்கு மேஸ்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோனாய். கேரியரைக் கட்டிக் கொடுத்தவள் நான். மீன் குழம்பு வைத்த நாளில் முள் எடுத்துக் கொடுத்தனுப்பினேன். அதெல்லாம் பரிகாரம் என்று நினைத்திருப்பேன் போல. அதன் பிறகு நீ ஸ்கூட்டர்கூட எடுக்கவில்லை. உன் வயசுப் பையன்கள் மூன்று பேராக வண்டியில் பீச் ரோட்டுக்குப் பறக்கும்போது நீ பஸ் நிறுத்தத்தில் குடையோடு நிற்பாய்.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது, உன் அப்பாவுக்குப் பாதி தெரியும். ஒரு வருடம் கழித்து, மதியம் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் வகுப்பு இல்லாத நேரத்தில், லாஃப்டிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினேன். உன்னிடம் என்ன கோளாறு என்று பார்க்கத்தான் இறக்கினேன். உண்மையைத் தேடி ஒன்றும் இல்லை. அந்தப் பொம்மை உனக்கு என்ன கெட்ட பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தது என்று நாலு பேருக்கு எடுத்துக்காட்டலாமே என்று. ஒயரை எங்கே சொருகுவது என்று தெரியாமல் இரண்டு நாள் போனது. கூட இருந்த புத்தகம் முழுக்க பிரெஞ்சு. படத்தைப் பார்த்துப் பார்த்து மாட்டினேன். சிலிண்டரை முட்டுக் கொடுத்தேன். உன் மலைப் பாதை, உன் வளைவு.

முதல் மாதம் முழுக்கச் சுவரில் முட்டினேன். பத்து மணி, இரண்டு மணி பிடியில் இறுக்கிப் பிடித்தேன். வால் வழுக்கும், ஸ்டீரிங் என் கையை மீறி இழுக்கும், நான் விடாமல் பிடிப்பேன், வண்டி பம்பரமாகச் சுற்றும். இல்லாவிட்டால் கால் பிரேக்குக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும். லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறவள் ஒரு நாளில் நாற்பது முறை கம்ப்யூட்டரில் செத்தேன். ஒரு மதியம் உன் அப்பா வந்து பின்னால் நின்று, ‘என்னாடி பண்ற?’ என்றார். ‘பாடம்’ என்றேன். ‘யாருக்கு?’ ‘எனக்குத்தான், போங்க அந்தப்பக்கம்.’ அவர் சிரித்துக்கொண்டே போனார். நீ வருவதற்குள், மூன்று மணி வகுப்புக்கு முன்பாக எல்லாவற்றையும் கழற்றி, நீ சுற்றிய மாதிரியே ஒயரைச் சுற்றி மேலே வைத்துவிடுவேன். அந்த எல்.எல்.ஆரையும் அதே இடத்தில்.

மூன்றாவது மாதம் ஒரு நாள், சலித்துப்போய், ‘எப்பிடியோ போ’ என்று கையை விட்டேன். அது தானாகச் சுழன்றது. ஓரிடத்தில் இழுப்பு தளர்ந்தது. அங்கே பிடித்தேன். ஆக்சிலேட்டரைப் பாதியில் வைத்திருந்தேன். வண்டி பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே வளைவைத் தாண்டி நேராகிவிட்டது. நீ சொன்ன அதே வார்த்தைதான் நினைவுக்கு வந்தது: விட்டால்தான் அதுவே இடம் கண்டுபிடிக்கும். அப்புறம் பழக்கமாகிவிட்டது. பத்துக்கு ஏழு முறை தாண்டினேன். பிறகு ஒரு மதியம், சாலையை மழைக்கு மாற்றினேன். இடது பக்க வளைவு. வால் வலது பக்கம் வீசியது. ஸ்டீரிங் வலது பக்கம் சுழன்றது, அன்றைக்கு நீ திருப்பிய பக்கம். வண்டி வலது பக்கம் போகவில்லை, தம்பி. வளைவோடேயே போனது. அடுத்த முறை அதே இடத்தில் வேண்டுமென்றே பிரேக்கை அடிவரை மிதித்தேன். வளைவை விட்டு நேராகப் போய் எதிர்ச்சுவரில் மோதியது. பத்து முறை மிதித்துப் பார்த்தேன். பத்து முறையும் அப்படியே. பொம்மை வேறு, நிஜ வண்டி வேறு என்று எனக்குச் சொல்லத் தெரியும். அன்றைக்குச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. நீ ஆள் மேல் திருப்பவில்லை. ஆளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாய். நான்தான் கொண்டுபோய் மோதினேன். மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். பிறகு மூன்று மணி வகுப்புக்கு ஆள் வந்துவிட்டதால் முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன்.

அது நடந்து ஐந்து வருடம் ஆகிறது. ஐந்து வருடம் ஏன் சொல்லவில்லை என்பதுதான் எழுதக் கூச்சமாக இருக்கும் இடம். நீ வண்டி எடுக்காமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது. சாலையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் மற்ற தாய்மார்கள் திடுக்கிடுவார்கள். நான் திடுக்கிட்டதே இல்லை. என் பையன் பஸ்ஸில் இருப்பான். ஒரு முறை அமுக்கிய பிரேக்கிலிருந்து நான் காலை எடுக்கவே இல்லை என்று வைத்துக்கொள்.

போன திங்கட்கிழமை உன் ஃபோன் பேச்சைக் கேட்ட பிறகு, அன்று மதியமே மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். கொஞ்சம் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறார், ஆனால் சின்னச் சின்ன வேலை பார்க்கிறார். உன்னை விசாரித்தார். ‘அந்தப் புள்ள கொண்டாந்த சோறு மாதிரி எங்க வீட்லகூட போடல’ என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

‘இத அந்தத் தம்பிகிட்ட சொன்னீங்களாம்மா?’ என்றார்.

‘இன்னும் இல்ல.’

‘அப்ப என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? என் கால் கூடிடுச்சு. தெனம் வந்து என் கட்டில் ஓரம் நின்னுகிட்டு, மன்னிச்சிடுங்கன்னு சொல்லும் அது. நானும் மழயில யாருக்குன்னாலும் வழுக்கும் தம்பின்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன். கேக்கல. போங்க, மொதல்ல போயி அதுகிட்ட சொல்லுங்க.’

கட்டில் ஓரம் நின்று தினமும் மன்னிப்புக் கேட்டாய் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பதினாறு முறை. எனக்குப் பதிலாக. மன்னித்துக்கொள் என்று நானும் எழுதிவிட்டு இதை முடித்துவிடலாம், அது சுலபம். நீ மன்னிக்கிறாயோ இல்லையோ, உன் கால் தவறு செய்யவில்லை என்பதை முதலில் உன் கால் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும்.

புத்திமதி என்று ஒன்று சொல்லாவிட்டால் நான் உன் அம்மா இல்லை. அங்கே வண்டி ஓட்டுகிறவர் உட்காருவது இடது பக்கமாம். அதாவது இங்கே நான் உட்காரும் பக்கம். முதல் வாரம் குழப்பும், பிறகு சரியாகிவிடும். உன் மனைவி ஓட்டும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்தால் கையைத் தொடை மேல் வைத்துக்கொள், வாயை மூடிக்கொள். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, அது எதையாவது உனக்குத் தெரியாத மாதிரி செய்தால், தவறு என்று கத்துவதற்கு முன் ஒரு வளைவு தாண்டும் வரை பொறுத்துப் பார். டயரை மட்டும் நேரத்துக்கு மாற்று.

நேற்று வண்டியை முதலியார்பேட்டை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். புது டயர் நான்கும் போட்டாகிவிட்டது. என் பக்கத்து பிரேக் கம்பியைக் கழற்றச் சொன்னேன். ‘என்னாக்கா, இத எடுத்துட்டா எப்பிடி வகுப்பு எடுப்பீங்க?’ என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து திரும்பப் பூட்டிக்கொள்கிறேன் என்றேன். கழற்றிய கம்பி உன் பெட்டிக்குள், சட்டைகளுக்கு மேலே இருக்கிறது. வேண்டுமென்றால் எடுத்துப் பார்.

வண்டிச் சாவியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நாம் பழகிய மைதானத்துக்குப் போவோம். ஆள் நடமாட்டம் இருக்காது. இந்த வார மழையில் ஒரே சேறு. வால் வழுக்கத்தான் செய்யும். நீ உன் விருப்பப்படி விட்டுப் பிடி. நான் இடது பக்கம் உட்கார்ந்திருப்பேன். பேச மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது. கால் பழக்கமும் போகாது. நீ கையைத் தளர்த்தினதும் அது போய் மிதிக்கும், எனக்கு நிச்சயமாகத் தெரியும். மிதிக்கட்டும். நீ ஓட்டிக்கொண்டே போ, தம்பி. அதில் கம்பி இல்லை.

அம்மா